தீச்சுடரில் உருவாகும் நானோ துகள்கள்

மெழுகுவர்த்திச் சுடரின் மஞ்சள் ஒளி, அதற்குள் தோன்றி எரிந்து மறையும் நுண்ணிய கரித்துகள்களின் ஒளியே. துகள் பிறப்பது சுடருக்குப் புதிதல்ல. அதன் அளவை நாம் விரும்பியபடி அமைப்பதுதான் கடினம்.

டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியைச் சுடருக்குள் செலுத்தினால், அது ஆக்சிஜனுடன் வினைபுரிந்து சில மில்லிநொடிகளில் டைட்டானியம் டைஆக்சைடு துகள்களாக மாறுகிறது. முதலில் மூலக்கூறுகள் கூடி ஓரிரு நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள கருக்களாகின்றன. அவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்கின்றன. சுடரின் மிகச் சூடான பகுதியில், ஒட்டிய இரண்டும் சிண்டரிங் எனப்படும் நிகழ்வால் கலந்து ஒரே உருண்டையாகிவிடும். மேலே செல்லச் செல்ல வெப்பம் குறைவதால், முழுமையாகக் கலப்பதற்குள் அடுத்த மோதல் நேர்ந்து, உருண்டைகள் கிளைவிட்ட சங்கிலிகளாகத் தங்கிவிடுகின்றன. டைட்டானியம் டைஆக்சைடுக்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, கலப்பதற்கான நேரம் விட்டத்தின் நான்காம் அடுக்காக உயர்கிறது: விட்டம் இரண்டு மடங்கானால் நேரம் 16 மடங்காகும். ஆகவே துகளின் இறுதி அளவைத் தீர்மானிப்பது மோதலுக்கும் கலத்தலுக்கும் இடையிலான போட்டியே.

இதை நேரில் காண்பது எளிதல்ல. குளிர்ந்த சிறு வலைத்தகட்டை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சுடருக்குள் நுழைத்தெடுத்தால், வெப்ப வேறுபாட்டால் அதன்மேல் துகள்கள் படியும். அவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனால் தகடே சுடரைக் குலைக்கக்கூடும். கரித்துகள்களை லேசர் துடிப்பால் சூடாக்கி, அவை ஒளிர்ந்து குளிரும் வேகத்தை அளப்பது இதைவிட நயமான வழி. சிறிய துகள் விரைவில் குளிரும்.

இதைக் கணினியில் கணிப்பதிலும் தடை உண்டு. அணுக்களின் அசைவைப் பின்தொடரும் மூலக்கூறு இயங்கியல் என்ற கணிப்புமுறை ஃபெம்டோநொடிப் (நானோநொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) படிகளில் நகர்வதால், வழக்கமாக நானோநொடிகளைத்தான் எட்டுகிறது; துகளின் சுடர்வாழ்வோ அதைப்போலப் பத்து இலட்சம் மடங்கு நீண்டது. எனவே இரு துகள்கள் கலக்கும் வேகத்தை அதிலிருந்து கணித்து, மோதித் திரளும் துகள்களுக்காக இயற்பியலாளர் ஸ்மோலுச்சோவ்ஸ்கி 1916 வாக்கில் வகுத்த சமன்பாட்டின் வழிவந்த கணக்குகளிலும், வாயு ஓட்டத்தின் கணிப்புகளிலும் இணைக்கிறார்கள்.

சராசரி அளவு ஆய்வுடன் பொருந்தியதைக் கொண்டே ஒரு கணிப்பை நம்புவது அவசரமானது. வெப்பநிலையில் நேர்ந்த பிழையைக் கலப்பு வேகத்தில் நேர்ந்த பிழை ஈடுசெய்திருக்கலாம். சுடரின் வெவ்வேறு உயரங்களில் துகள் அளவுகளின் பரவலும் சங்கிலிகளின் வடிவமும் ஒத்துப்போனால்தான் அந்தக் கணிப்பை வைத்து, இத்துகள்களைத் தயாரிக்கும் உலையின் ஆக்சிஜன் ஓட்டத்தை மாற்றத் துணியலாம்.