எதிர்ப்பொருள்: சொல்லும், ஹெபடைடிஸ் சி வைரஸை அது முடக்கும் விதமும்

ரத்தப் பரிசோதனை முடிவில் ‘ஆன்டி எச்.சி.வி. – ரியாக்டிவ்’ என்றொரு வரி இருந்தால், அதைப் பலரும் ‘ஹெபடைடிஸ் சி இருக்கிறது’ என்றே படிக்கிறார்கள். எச்.சி.வி. எனப்படும் ஹெபடைடிஸ் சி வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் காணப்படுகிறது என்பது மட்டுமே அந்த வரியின் பொருள். வைரஸ் இன்னும் இருக்கிறதா, நீங்கிவிட்டதா என்பதை அது சொல்வதில்லை.

ஆன்டிபாடி என்பது ‘ஆன்டிகோர்ப்பர்’ என்னும் ஜெர்மன் சொல்லின் ஆங்கில வடிவம். தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றின் நச்சை முறிக்கும் ஆற்றல், தடுப்பாற்றல் பெற்ற விலங்குகளின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் எஞ்சும் தெளிநீரில்) இருப்பதை 1890-இல் எமில் ஃபான் பேரிங்கும் கிடசாட்டோ ஷிபாசாபுரோவும் காட்டினார்கள். மறு ஆண்டு பால் ஏர்லிக் ‘ஆன்டிகோர்ப்பர்’ என்ற சொல்லைக் கையாண்டார். இதிலுள்ள ‘கோர்ப்பர்’ உடம்பை மட்டுமன்றி, பொருள், துகள் என்பவற்றையும் குறிக்கும். இங்கே கொள்ள வேண்டியது பின்னதே. ஆகவே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆளும் ‘எதிர்ப்பொருள்’ மூலச்சொல்லோடு நன்கு பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘பிறபொருளெதிரி’ செயலையே பெயராக்கிய அழகான ஆக்கம்தான். ஆனால் உடல் தன் சொந்தத் திசுக்களையே தாக்கும் நோய்களிலும் இதே வகைப் புரதங்கள் உருவாவதால், ‘பிறபொருள்’ என்ற அடை அங்கே இடறுகிறது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று பெயர்ப்பதோ தவறு. அது முழு அமைப்பின் ஆற்றலைக் குறிப்பது. எதிர்ப்பொருள் அந்த அமைப்பின் பி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் சுரக்கும் ஒரு புரதம்.

ஹெபடைடிஸுக்கு நேர் தமிழ் கல்லீரல் அழற்சி. சி வைரஸ் 1989-இல் அடையாளம் காணப்படும் வரை, அது உண்டாக்கிய நோய்க்கு ‘ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத’ கல்லீரல் அழற்சி என்பதே பெயராக இருந்தது.

இந்த வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ 15 முதல் 45 சதவீதத்தினர், மருந்தே இல்லாமல் ஆறு மாதங்களுக்குள் அதிலிருந்து விடுபடுகிறார்கள். வைரஸின் வெளியுறையில் இ1, இ2 என்னும் இரு புரதங்கள் உள்ளன. இவற்றுள் இ2, கல்லீரல் செல்லின் மேலுள்ள சிடி81 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைய வழி தேடுகிறது. இ2-வின் அந்தப் பிடிப்பிடத்தில் எதிர்ப்பொருள் முந்திச் சென்று ஒட்டிக்கொண்டால் வைரஸால் செல்லைப் பற்ற முடியாது. இத்தகையதை ‘நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்’ என்று எழுதுவது வழக்கம். அமிலமும் காரமும் நினைவுக்கு வரும் அந்தத் தொடரைவிட ‘முடக்கும் எதிர்ப்பொருள்’ என்பதே பொருத்தம் என்பேன்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. இ2-வின் ஒரு பகுதி ஓயாமல் உருமாறுவதால், நேற்றைய வடிவத்துக்கென உருவான எதிர்ப்பொருள் இன்றைய வடிவத்தைத் தவறவிடுகிறது. மாறாத பகுதியைப் பற்றி, இந்த வைரஸின் பல வகைகளையும் முடக்கவல்ல எதிர்ப்பொருள்கள் தொற்றின் தொடக்கத்திலேயே தோன்றுவோரிடம் நோய் தானாக நீங்கும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. 1978–79-இல் கிழக்கு ஜெர்மனியில், ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் கொண்ட தாய்மார்களுக்கு, கருவின் ரத்தத்தை எதிர்த்து அவர்கள் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கப் போடப்பட்ட ஆன்டி-டி ஊசி மருந்து மாசுபட்டதால் ஒரே மூலத்திலிருந்து பலருக்குத் தொற்று பரவியது. அவர்களுள் வைரஸ் நீங்கியவர்களிடம் முடக்கும் எதிர்ப்பொருள்கள் விரைவில் எழுந்ததையும், நாட்பட்ட நோயாக நிலைத்தவர்களிடம் அவை தொடக்கத்தில் இல்லாமலோ குறைவாகவோ இருந்ததையும் பின்னாளைய ஆய்வு காட்டியது. ஆன்டி-டி மருந்தே மனித ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்தான் என்பது இதிலுள்ள கொடுமையான முரண்.

அயர்லாந்திலும் 1977-இல் இப்படியே நடந்தது. அங்கே பின்னர் பரிசோதிக்கப்பட்ட 62,667 பெண்களில் 704 பேரிடம் பழைய அல்லது நடப்புத் தொற்றின் அடையாளம் இருந்தது. ஆனால் ரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ இருந்தது 390 பேரிடம் மட்டுமே.

அதே சமயம் எல்லாப் புகழையும் எதிர்ப்பொருளுக்கே கொடுத்துவிடக் கூடாது. தொற்றுண்ட கல்லீரல் செல்லை ஒழிப்பது முதன்மையாக டி செல்கள் என்னும் வேறு வகை வெள்ளையணுக்களின் வேலை. எதிர்ப்பொருள், புதிய செல்களுக்குள் வைரஸ் புகுவதைத் தடுக்கிறது. இன்னொன்று, ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் தேடுவது வைரஸின் உட்கருப் புரதத்துக்கும், அது பெருகப் பயன்படும் புரதங்களுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களை. நுழைவைத் தடுப்பவையோ வெளியுறைப் புரதங்களுக்கு எதிரானவை. எனவே ‘ரியாக்டிவ்’ என்ற முடிவு நோய் இருப்பதற்கும் சான்றாகாது, பாதுகாப்பு இருப்பதற்கும் சான்றாகாது. வைரஸ் நீங்கிய பின்னும் அந்த எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கலாம். அப்படிப்பட்டவருக்கு மீண்டும் தொற்று வரவும் கூடும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை அறிய ஆர்என்ஏ சோதனை செய்ய வேண்டும். அதில் வைரஸ் இருப்பது தெரிந்தால், 8 முதல் 12 வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன.