பள்ளி மானியத்தில் பொருள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் ஊதியம் நீங்கலாக ஓர் அரசுப் பள்ளியின் கைக்கு வரும் பணம் மிகச் சிறிது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி, 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், 100 பேர் வரை 25,000 ரூபாயும், 250 பேர் வரை 50,000 ரூபாயும், 1,000 பேர் வரை 75,000 ரூபாயும், அதற்கு மேல் ஒரு லட்சம் ரூபாயும் பள்ளி மானியமாகக் கிடைக்கும். இதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். எஞ்சிய தொகைக்குள் மின்கட்டணம், குடிநீர், ஆய்வகப் பொருள்கள், விளையாட்டுக் கருவிகள், பழுதானவற்றை மாற்றுதல் எல்லாம் அடங்கியாக வேண்டும். பள்ளிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் நான் கண்டவரை, இந்தப் பணம் முறைகேட்டால் போவதைவிட, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதாமல் வாங்குவதால் வீணாவதே அதிகம்.

மூன்று விலைப்புள்ளிகள் (கடைகள் எழுதித் தரும் விலை விவரம்) பெற்றுக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், 'தரமான மின்விசிறி 6' என்று மட்டும் எழுதிக் கேட்டால், மூன்று கடைகளும் மூன்று வகைப் பொருளுக்கு விலை சொல்லும். அவற்றில் மட்டமானதே வெல்லும். ஒரு பள்ளியின் கோப்பில் இருந்த மூன்று விலைப்புள்ளிகளிலும் ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப்பிழை. ஒரு கடைக்காரரே மற்ற இரண்டு கடைகளின் தாளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியருக்கு அதில் எந்த ஆதாயமும் இல்லை. அலைச்சல் மிச்சம் என்று வாங்கிக்கொண்டார். ஆனால் அங்கே ஒப்பீடு என்பதே நடக்கவில்லை, பள்ளி எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தது என்பதை இனி யாராலும் சொல்லவும் முடியாது.

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார்) வகை சுமார் 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 220 வேலைநாள் என்று கணக்கிட்டால், ஒரு மின்விசிறிக்கு ஏறத்தாழ 69 யூனிட் மிச்சமாகும். 40 மின்விசிறிகள் உள்ள பள்ளியில் அது 2,700 யூனிட்டுக்கு மேல். வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் தொகை எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதை உங்கள் பள்ளியின் மின்கட்டண அட்டையை வைத்துப் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால், 'ஐந்து நட்சத்திரம், இரண்டாண்டு உத்தரவாதம்' என்று விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிட்டால் போதும். பிரிண்டருக்கும் இதுதான் வழி. இயந்திரத்தின் விலையைப் பார்க்காமல், டோனர் (அச்சு மைத்தூள்) விலையை அது அச்சிடும் பக்கங்களால் வகுத்துப் பாருங்கள். குடிநீர் சுத்திகரிப்பானுக்கு வடிகட்டி மாற்றும் செலவை முதலிலேயே எழுதி வாங்குங்கள். அதற்குப் பணமில்லாமல் ஓரமாக நிற்கும் இயந்திரங்களைப் பார்க்கும்போது, குழந்தைகளை நினைத்து மனம் வருந்துகிறது.

நிதி பெரும்பாலும் கல்வியாண்டின் இறுதியில் வருகிறது, மார்ச் மாதத்திற்குள் செலவழிக்கச் சொல்கிறார்கள் என்ற தலைமையாசிரியர்களின் குறை நியாயமானது. அந்தத் தாமதம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் பட்டியலை ஜூன் மாதத்திலேயே தயாரித்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கி வைப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கவும், மானியச் செலவைக் கண்காணிக்கவும் இந்தக் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். அவர்களில் எலக்ட்ரீசியனும் கொத்தனாரும் கடை வைத்திருப்பவரும் இருப்பார்கள். சந்தை விலையும் பொருளின் தரமும் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களைக் கையெழுத்துக்கு மட்டும் அழைப்பது பள்ளிக்குத்தான் நட்டம். (உறுப்பினரின் சொந்தக் கடையிலேயே வாங்குவதாக இருந்தால், அவர் அந்தத் தீர்மானத்திலிருந்து விலகியிருக்க வேண்டும்.) அருகருகே உள்ள தொடக்கப் பள்ளிகள் பதிவேடு, துப்புரவுப் பொருள் போன்றவற்றுக்குச் சேர்ந்து விலை கேட்கலாம்; ரசீதைப் பள்ளிவாரியாகத் தனித்தனியே பெற்றுக்கொண்டால் கணக்கிலும் சிக்கல் வராது.

வாங்கிய பின் இருப்புப் பதிவேட்டில் பொருளின் பெயரையும் விலையையும் மட்டும் எழுதுவது போதாது. வரிசை எண், உத்தரவாதம் முடியும் தேதி, பழுது நீக்குபவரின் தொலைபேசி எண் ஆகியவற்றுக்கும் கட்டம் போடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத தண்ணீர் மோட்டாருக்கு மானியப் பணத்தில் காயில் (கம்பிச்சுருள்) கட்டிய ரசீதுகளைத் தணிக்கையில் பார்த்திருக்கிறேன். தேதி பதிவேட்டில் இருந்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.