ஞானஸ்நானத்துக்கு அடுத்த நாள்: காவிரி டெல்டா கிராமங்களில் சீஷராக்குதல்

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். நம் கிராம ஊழியத்தின் பெரிய குறை இதுதான். மத்தேயு 28-ஆம் அதிகாரத்துக் கட்டளையில், ஆண்டவர் சொன்ன யாவையும் கைக்கொள்ளும்படி உபதேசிப்பதும் ஞானஸ்நானத்தோடு சேர்ந்தே வருகிறது. அப்படி வாழப் பழக்குவதுதான் சீஷராக்குதல். கைக்கொள்வது என்பது வயலில், வாய்க்கால் கரையில், அடுப்படியில், குழுக்கடன் தவணை நாளில் நடக்கிற காரியம். கற்றுக்கொடுக்கிறவர் அங்கெல்லாம் கூட இருந்தால்தான் அது நடக்கும்.

இந்த மண்ணில் இது புதிதில்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய், மக்களோடு தங்கி, வாசித்துக் காட்டியவர்கள் உள்ளூர் உபதேசியார்கள், அதாவது வேதம் கற்றுக்கொடுக்கிற சபை ஊழியர்கள். அவர்களில் ஒருவரான ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்றார். இன்று பல சபைகளில் ஒலிபெருக்கி இருக்கிறது, உபதேசியார் இல்லை.

ஒரு ஊழியர் ஒரே சமயத்தில் இரண்டு பேரையோ மூன்று பேரையோ எடுத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும், கூட்டத்தில் பிரசங்கம்தான் நடக்கும். நாளையும் நேரத்தையும் வேலையைப் பார்த்து வையுங்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து குறுவை தொடங்கிவிட்டால், நடவுக்குப் போகும் பெண்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். சம்பா நடவிலும் தை, மாசி அறுவடையிலும் இதே கதைதான். அந்த வாரங்களில் கால் மணி நேர ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமான படிப்பைப் பங்குனியிலிருந்து வைகாசி வரை வையுங்கள். மகளிர் குழுத் தவணை நாள் வேண்டவே வேண்டாம். தவணைப் பணம் புரளாமல் தவிக்கிற மனசில் வேதம் இறங்காது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குவது நல்லது. பதினாறு அதிகாரம்தான், நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் போகும். ஒரு மாலைக்குப் பன்னிரண்டு வசனம் போதும், மொத்தம் முக்கால் மணி நேரம். திமிர்வாதக்காரனை (கைகால் முடங்கியவனை) நாலு பேர் இயேசுவிடம் தூக்கிவந்த பகுதி என்றால், மெதுவாக இரண்டு தடவை வாசியுங்கள். வேதத்தை மூடிவிட்டு ஒருவரைக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். விட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காதான் பெரும்பாலும் எதையும் விடாமல் சொல்வார். பிறகு ஒரே கேள்வி: "இந்த வாரம் நாம யாரைத் தூக்கிட்டுப் போகணும்க்கா?" பதிலில் ஒரு பெயர் வர வேண்டும். அடுத்த வாரம் வேதத்தைத் திறக்கும் முன்னே அந்தப் பெயரைக் கேளுங்கள். நடந்ததா என்று கேட்காமல் விட்டால், மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாரும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஆகிவிடுவார்கள். இன்னொன்று: ஊழியர் ஐயாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாயில் உட்காருங்கள்.

சோதனை வயலில்தான் வரும். கடைமடையில் தண்ணீர் தட்டுப்பாடான ராத்திரியில் பக்கத்து வயல் மடையை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்புகிறவர் ஒரு விசுவாசியாகவே இருக்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக, ஈர நெல்லை அடியில் போட்டு மேலே காய்ந்ததைப் பரப்புகிறவரும் அப்படியே. இதைப் பிரசங்கத்தில் பொதுவாகக் கண்டித்தால் யாருக்கும் உறைக்காது. மடை அடைத்தவரோடு மறுநாள் காலையில் அந்த வரப்பில் நடந்துபோய், பக்கத்து வயல்காரரிடம் அவரே பேசும்போது கூட நில்லுங்கள். ஒரு வருஷப் பாடம் அந்த ஒரு காலையில் நடந்துவிடும்.

சாதி விஷயத்தில் தெளிவு வேண்டும். 1833-இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சாவூர்ச் சபையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த நோய் இன்னும் தீரவில்லை. ஊர்த்தெருவிலும் காலனியிலும் தனித்தனியாகப் படிப்பு வைத்து, பண்டிகைக்கு மட்டும் சேர்த்தால் அது வளரும். முதல் மாதத்திலிருந்தே படிப்பு வீடு மாறி மாறி நடக்கட்டும், ஒரே சட்டியில் சமைத்ததை எல்லாரும் சாப்பிடட்டும். சிலர் விலகிப்போவார்கள். அது வலிக்கும், ஆனாலும் தளர்த்த வேண்டாம்.

ஞானஸ்நானம் கேட்கிறவரிடம் சட்டத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவராகிறவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் தொடுகிற விஷயம் இது. தெரிந்து முடிவெடுக்க அவருக்கு அவகாசம் கொடுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல் பேச்சே வேண்டாம். புயல், வெள்ளத்துக்குப் பிறகு அரிசியும் தார்ப்பாயும் கொடுக்கும்போது கைப்பிரதி கொடுக்காதீர்கள். உதவி யாருக்கும் உதவியாகவே போகட்டும். அரிசிக்காக வந்தவர் அரிசி நின்றதும் போய்விடுவார், ஊரில் சுவிசேஷத்தின் பெயரும் கெடும்.

கடைசியாக, பிள்ளைகள் வெளியூர் போவது. நன்றாகப் பழக்கிய தம்பி திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிவிடுவான். போன பிறகு தேடினால் ஆறு மாதத்தில் தொடர்பு அறுந்துவிடும். கிளம்பும் முன்பே அங்கே ஒரு சபையையும், அவனை வரவேற்க ஒரு ஆளையும் பேசி வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஷிப்ட் பார்த்து, பத்து நிமிஷம் போனில் பேச நேரம் குறியுங்கள். அவன் அறையில் தங்குகிற இன்னொருவருக்கு மாற்கு முதல் அதிகாரத்தை வாசித்துக் காட்டும் பொறுப்பை, பயணப்படும் அன்றே அவனிடம் ஒப்படையுங்கள்.