குடிமை வேறு, குடியுரிமை வேறு

'சிட்டிசன்ஷிப்' என்று ஆங்கிலத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'குடியுரிமை' என்று எழுதிவிடுகிறோம். பாதி இடங்களில் அது சரிதான். பள்ளியில் அரசமைப்புப் பாடம் நடத்தும்போதுதான் இடறுகிறது.

குடியுரிமை ஒரு சட்டத் தகுதி. யார் இந்தியக் குடிமகன், குடிமகள் என்பதை அரசமைப்பின் 5 முதல் 11 வரையான பிரிவுகளும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் சொல்லிவிடுகின்றன. அந்தத் தகுதி உள்ளவர் பொதுக் காரியங்களில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது வேறு விஷயம். அதற்குக் 'குடிமை' என்ற சொல் இருக்கிறது. 'பொறுப்புள்ள குடியுரிமை' என்று எழுதினால் பொறுப்பு யாருக்கு என்றே புரியாது. 'பொறுப்புள்ள குடிமை' என்று எழுதலாம்.

வேர், குடி. வீடு, குடும்பம், குலம், ஓர் ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் என்று அதன் பொருள் விரிந்துகொண்டே போகும். குடித்தனம், குடியிருப்பு, குடியேற்றம் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான். குடிப்பதைச் சொல்லும் 'குடி' வேறு. 'குடிமகன்' என்றதும் கடைசி பெஞ்சில் கிளம்பும் சிரிப்புக்கு அதுதான் காரணம்! வடமொழிப் 'பிரஜை'க்கு முதற்பொருள் பிள்ளை, சந்ததி. பிறகுதான் அரசனின் மக்கள் என்றானது. ராஜா இருந்தால்தான் பிரஜை என்ற வாடை அதில் இன்னும் போகவில்லை. எனக்கு அது பிடிப்பதில்லை.

அதற்காகக் 'குடி' மட்டும் ஆதியிலிருந்தே ஜனநாயகச் சொல் என்று சொல்லிவிட முடியாது. திருக்குறளில் 'குடிமை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே அது நற்குடியில் பிறந்தவரின் பண்பு. இன்றைய அரசமைப்பின் 15ஆம் பிரிவோ சாதி, பிறந்த இடம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. செங்கோன்மை அதிகாரத்தில் 'மன்னவன் கோல்நோக்கி வாழுங் குடி' என்று வருகிறது. உலகம் மழைக்காக வானத்தைப் பார்ப்பதுபோல் குடி செங்கோலைப் பார்க்கிறது. 1925இல் பெரியார் தம் இதழுக்குக் 'குடி அரசு' என்று பெயர் வைத்தபோது அந்தக் குடியே அரசின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அரசமைப்பின் முகவுரையும் 'இந்திய மக்களாகிய நாம்' என்றுதான் தொடங்குகிறது.

குடிமை என்றாலே கடமைப் பட்டியலை ஒப்பிக்க வைப்பது நம் வகுப்பறைப் பழக்கம். அடிப்படைக் கடமைகள் முதலில் அரசமைப்பில் இல்லை. 1976இல் 42ஆவது திருத்தம்தான் 51அ பிரிவில் பத்துக் கடமைகளைச் சேர்த்தது. பதினொன்றாவது 2002இல் வந்தது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பைத் தரவேண்டும் என்று அது சொல்வது பெற்றோருக்கும் காப்பாளருக்கும்; மாணவர்கள்தான் அதையும் மனப்பாடம் செய்கிறார்கள்.

அதைவிட அரசமைப்பையே கையில் கொடுத்துத் தேடச் சொல்லலாம். பேச்சுரிமை தரும் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். சட்டத்தின் முன் சமம் என்னும் 14, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21 ஆகிய பிரிவுகள் 'எந்த நபருக்கும்' பொருந்தும். குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரும் அதில் அடக்கம். ஏன் இந்த வேறுபாடு என்று மாணவர்கள் கேட்க ஆரம்பித்தால், அப்புறம் அந்தப் பாடவேளை போதாது.