பிக்கப் வண்டிக்கு முதல் செலவு எதற்கு?

புது பிக்கப் டெலிவரி எடுத்து, கோயிலில் பூஜை போட்டு, மாலை வாடுவதற்குள் வண்டி எங்கள் பட்டறை வாசலுக்கு வந்துவிடும். ஓனர் கையில் பட்டியல் தயாராக இருக்கும். முன்பக்கம் கம்பி கார்டு, ஏர் ஹாரன், நாலு ஃபோகஸ் லைட், ஸ்பிரிங்கில் ரெண்டு பட்டை கூடுதல், பாடித் தரைமேல் இரும்புத் தகடு. சரக்கைக் கட்ட என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "கயிறு இருக்குதுண்ணா" என்று பதில் வரும்.

இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. சரக்கைப் பிடித்து நிறுத்துவதற்கும், வண்டியை நிறுத்துவதற்கும், இருட்டில் வண்டி இருப்பது பிறருக்குத் தெரிவதற்கும்தான் முதல் பணம் போக வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் எங்களிடம் வண்டிகள் வருகின்றன. பேரணாம்பட்டு, ஆம்பூருக்குத் தோல் ஏற்றும் வண்டி, அணைக்கட்டுப் பக்கமிருந்து நேதாஜி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றும் வண்டி, சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றும் வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. எல்லோருக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்?

முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வண்டியின் வெற்று எடையும், சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் அதில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம். நாம் மாட்டுகிற ஒவ்வொரு பொருளும் இந்த வித்தியாசத்திலிருந்துதான் கழியும். 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலமுள்ள பாடியை எடுத்துக்கொள்வோம். தரை ஏறக்குறைய 4.6 சதுர மீட்டர். 3 மி.மீ. இரும்பு செக்கர்ட் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. தரை முழுக்கப் போட்டால் 115 கிலோ. இதோடு முன்பக்கக் கம்பி, கேபின் மேல் கேரியர், கூடுதல் பட்டை எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவை நெருங்கிவிடும். ஒவ்வொரு நடையிலும் நாலு சிமெண்ட் மூட்டையை வாடகை இல்லாமல் சுமக்கிறீர்கள். எடை மேடையில் அதிகமாகிப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும்.

தகடு போடுவதில் நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கி வருவார்கள். வழியெல்லாம் அதிலிருந்து உப்புத் தண்ணீர் கசியும். பாடித் தரைமேல் தகடோ ரப்பர் மேட்டோ நிரந்தரமாகப் போட்டுவிட்டால், கசிந்த தண்ணீர் இரண்டுக்கும் நடுவே போய்த் தங்கிவிடும். மேலே பார்த்தால் பளபளப்பு, அடியில் தரை பொரிந்து உதிரும். எடை குறைவு என்று அலுமினியத் தகடு கேட்பவர்கள் உண்டு. எடை மூன்றில் ஒரு பங்குதான், உண்மை. ஆனால் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பு வேகமாகும். தோல் வண்டிக்கு நான் சொல்வது: தரையின் இணைப்புகளை சீலன்ட் போட்டு அடைத்து, துரு தடுக்கும் பெயின்ட் அடித்து, எடுத்துக் கழுவக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் மடித்து விரியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். அன்றைய நடை முடிந்ததும் நல்ல தண்ணீரில் மேலேயும் அடியிலும் கழுவுங்கள். அடியில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சேசிஸ் ஓரமாக ஓடும் பிரேக் பைப்பும் இரும்புதான். அது அரித்து ஊசித் துளை விழுந்தால் பிரேக் ஆயில் போய்விடும்.

அடுத்து, அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் ஆபத்தானதுமான வேலை. "லோடு ஏத்துனா பின்னாடி ஒக்காருதுண்ணா, ரெண்டு பட்டை சேர்த்துடுங்க."

வண்டிக்கு அடியில் குனிந்து, பின் ஆக்சிலுக்கு மேலே பாருங்கள். பல பிக்கப்களில் ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய், சேசிஸில் பொருத்திய உள்ளங்கையளவு வால்வின் கைப்பிடியில் முடியும். அதுதான் லோடு சென்சிங் வால்வு. வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் உயர்ந்திருக்கும், வால்வு பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். இல்லாவிட்டால் எடையில்லாத பின் சக்கரங்கள் உடனே பூட்டிக்கொண்டு வழுக்கும். சரக்கு ஏறி வண்டி தாழ்ந்ததும் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் திறந்துவிடும். வண்டி உட்காருவதை வைத்துத்தான் வால்வு எடையைத் தெரிந்துகொள்கிறது.

இப்போது கூடுதலாக இரண்டு பட்டை ஏற்றுகிறோம். ஒரு டன்னுக்கு மேல் சரக்கு இருந்தும் பின்பக்கம் தாழவில்லை. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், மீதிச் சுமையும் முன் பிரேக் மேல் விழும். சமதரையில் டிரைவருக்கு இது தெரியாமலே இருக்கலாம். பீஞ்சமந்தை மலைப்பாதையிலோ ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ லோடோடு இறங்கும்போது முன் டிஸ்க் சூடேறி, பெடல் உள்ளே போகும்போதுதான் தெரியும். சில இடங்களில் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, வால்வை முழுதாகத் திறந்த நிலையில் கட்டுக்கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய வண்டி மழையில் காலியாக வரும்போது பின்பக்கம் சுழன்றுவிடும். இரண்டுமே உயிரோடு விளையாடுகிற வேலை.

வண்டி உட்காருகிறது என்றால் முதலில் எடை போட்டுப் பாருங்கள். அனுமதித்த எடைக்குள்ளேயே உட்காருகிறது என்றால் இருக்கிற பட்டை தளர்ந்திருக்கும், நடுவில் ஒன்று உடைந்திருக்கும், அல்லது பட்டையின் முனையில் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கும். அதே அளவில் கம்பெனி செட் மாற்றினால் போதும். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவதால் உட்காருகிறது என்றால் பட்டை அதற்கு மருந்தாகாது. பட்டையைத்தான் பலப்படுத்த முடியும். ஆக்சில், பேரிங், டயர், பிரேக் டிரம் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கும். எந்த ஸ்பிரிங் வேலை செய்தாலும் வால்வுக் கம்பியின் அளவைக் கம்பெனி மேனுவலில் சொன்னபடி திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள். செய்யத் தெரியாது என்று சொல்லும் பட்டறையில் ஸ்பிரிங் வேலையையே கொடுக்காதீர்கள். லோடோடு கொஞ்ச தூரம் ஓடியபின், பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கவும் வேண்டும்.

சரக்கு கட்டுவதற்கு வருகிறேன். நைலான் கயிற்றை எனக்குப் பிடிக்காமல் இல்லை. தார்பாய் கட்ட, காய்கறிக் கூடைக்கு அது போதும். ஆனால் மலிவான பிளாஸ்டிக் கயிறு நம்மூர் வெயிலில் சில மாதங்களிலேயே மேல் இழை பொடிந்து உதிரும். கையால் உருவினால் துகள் ஒட்டும், அப்படி ஒட்டினால் தூக்கிப் போடுங்கள். இரும்பு, மெஷின், மார்பிள், டிரம் ஏற்றுபவர்களுக்கு கைப்பிடியை அசைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் தவிர வேறு வழி இல்லை. பாதி தூரத்தில் சரக்கு அமுங்கித் தளர்ந்தாலும் கைப்பிடியை இரண்டு தடவை அசைத்தால் இறுகிவிடும்.

வாங்கும்போது பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். பாலியெஸ்டர் என்றால் லேபிள் நீலமாக இருக்கும். கவரில் பெரிதாக "5 டன்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் அறுந்துபோகும் அளவு. லேபிளில் எல்.சி. என்று இருப்பதுதான் நம்பிக் கட்டக்கூடிய அளவு. 50 மி.மீ. பெல்ட்டில் அது பொதுவாக 2500, அதாவது சுமார் இரண்டரை டன். லேபிளே இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள். திடீர் பிரேக்கில் 1,000 கிலோ சரக்கு முன்னால் நகராமல் இருக்க 800 கிலோ அளவுக்குப் பிடிப்பு வேண்டும் என்பது சரக்குக் கட்டும் தரநிலைகளில் உள்ள கணக்கு. சரக்கைக் கேபின் பக்கப் பலகையை ஒட்டி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில் சரக்கு வேகமெடுத்து வந்து கேபினை இடிக்கும்.

பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொக்கி மாட்டும் இடம் வளைந்தால் பயனில்லை. பாடியின் மெல்லிய தகட்டில் பற்றவைத்த வளையம் கனமான சரக்குக்குத் தாங்காது. பாடியின் அடிக் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்ட டி-ரிங் ஆறு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பிக்கப்புக்குப் போடும் காசிலேயே உருப்படியான செலவு இதுதான். சேசிஸில் நேரடியாக வெல்டிங் வைக்க விடாதீர்கள், சூடு பட்ட இடம் பலவீனப்பட்டு அங்கேயே விரிசல் விடும். பாடியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ என்ற மின்னணுப் பெட்டி போனால் செலவு தாங்காது.

லைட் விஷயம். ஹெட்லைட்டில் வரும் எச்4 பல்பு ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட், அதாவது 60/55. "வெளிச்சம் பத்தலை" என்று 100/90 போடுகிறார்கள். இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போன ஒயரில் 17 ஆம்பியர் போகும், ஒயர் சூடாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஹோல்டர் உருகி, பல்பின் காலோடு ஒட்டிப்போய் வரும் வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கிறோம். அதே 60/55 பல்புக்கே ரிலே (சிறு மின்சாரத்தில் இயங்கி பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டால், சுவிட்ச் வழியாக வந்து நலிந்த மின்சாரத்துக்குப் பதில் பேட்டரியிலிருந்து நேராக முழு வோல்ட் கிடைக்கும். வெளிச்சம் கூடுவது கண்ணுக்கே தெரியும். ரிலேயில் 30-ம் கால் பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 85-ம் 86-ம் பழைய ஹெட்லைட் ஒயருக்கும் எர்த்துக்கும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். டேஷ்போர்டில் ஹெட்லைட்டை இறக்கும் திருகு பல வண்டிகளில் உண்டு. லோடு ஏற்றியதும் அதைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். நடுத்தடுப்பு இல்லாத ஒடுகத்தூர்ச் சாலையில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். தரமானதை வாங்கி, அழுக்கைத் துடைத்து ஒட்டுங்கள். தார்பாயின் நுனி டெயில் லைட்டை மறைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பின்னால் போய் நின்று பாருங்கள்.

கம்பி கார்டு வேண்டாம். மோதலின் அதிர்ச்சியை நேராக சேசிஸுக்குக் கடத்தும், நடந்து போகிறவர் மேல் பட்டால் பிழைப்பது கடினம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதன்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளர்மேல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பல சுரத்தில் கத்தும் ஏர் ஹாரனுக்கும் விதியில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. விதிப்படி ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும், ஆட்டுக்கு 0.3. மேலே சொன்ன பாடியில் இரண்டு மாடுதான் நியாயம். வழுவழுப்பான தகட்டில் மாடு ஒவ்வொரு வளைவிலும் சறுக்கி விழும். தென்னைநார் மேட்டும் அதன்மேல் மணலும் போடுங்கள், இடையில் தடுப்புப் பலகை வையுங்கள்.

டயர் மாற்றும்போது அளவு எண்ணோடு லோடு இண்டெக்ஸையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ, 106 என்றால் 950. விலை குறைகிறது என்று கார் டயரை மாட்டாதீர்கள். பக்கச் சுவரில் கடைசி நாலு எண் தயாரித்த வாரமும் வருடமும். 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம்.

டூல் பாக்ஸில் ஜாக்கி, வீல் ஸ்பானர், எச்சரிக்கை முக்கோணம் இருந்தே ஆக வேண்டும். இவற்றோடு ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகை ஒன்று, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டை. சித்திரை, வைகாசி வெயிலில் தார் இளகிய ரோட்டோரத்தில் லோடோடு ஜாக்கி போட்டால், பலகை இல்லாமல் அது மண்ணுக்குள்தான் இறங்கும். ஸ்டெப்னி பாடிக்கு அடியில் சங்கிலியில் தொங்குவதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவசரத்துக்கு இறக்கப் போகும்போது சங்கிலி துருப்பிடித்து அசையாது. இந்த வாரமே அதை ஒருமுறை கீழே இறக்கி, காற்றுப் பார்த்து, சங்கிலிக்குக் கிரீஸ் வைத்து மறுபடி ஏற்றுங்கள்.