செம்பனைத் தோட்டத்து அணில் அறிவியல் பதிவாவது எப்படி?

மலேசியாவின் ஈஜோக் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் மட்டைக்கு மட்டை தாவும் அணிலைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, உயிரினங்களைப் பதிந்து அடையாளங்காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால், சில நொடிகளில் ஒரு பெயர்ப்பட்டியல் வந்துவிடுகிறது. முதற்பெயரைப் பார்த்ததும் பெரும்பாலோர் நிறைவடைந்துவிடுகிறோம். ஆனால் அது ஓர் ஊகம் மட்டுமே; அறிவியல் பதிவாக அது மாறும் வழி அதன் பிறகுதான் தொடங்குகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2008-இல் முதுகலை மாணவர்களின் திட்டமாகத் தோன்றிய இத்தளத்தில், படத்தைக் கொண்டு இனத்தை ஊகிக்கும் கணினிப் பார்வை 2017-இல் சேர்க்கப்பட்டது. பயனர்கள் பதிவேற்றிப் பிறர் பெயரிட்ட படங்களைக் கொண்டே அதற்குப் பயிற்சி அளிக்கிறார்கள். புதிய படம் வந்ததும், தான் கற்ற இனங்களோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணித்து, அந்த இனம் அவ்வட்டாரத்தில் காணப்படக்கூடியதா என்பதையும் சேர்த்துப் பார்த்துப் பெயர்களை வரிசைப்படுத்துகிறது. போதிய படங்கள் கிடைக்காத இனங்கள் பயிற்சியில் இடம்பெறுவதில்லை. அத்தகைய பூச்சி ஒன்றைக் காட்டினால், தான் அறிந்தவற்றுள் அதைப் போலிருக்கும் வேறொன்றின் பெயரை அது சொல்லிவிடக்கூடும்.

அணிலையே எடுத்துக்கொள்வோம். நம் தோட்டங்களில் அடிக்கடி தென்படும் கல்லோசியூரஸ் நொட்டாட்டஸ் அணிலுக்கு வயிறு செம்மஞ்சளாக இருக்கும். விலாவில் வெண்மையும் கருமையுமாக இரு கோடுகள் ஓடும். தீபகற்பத்தில் வாழும் அதன் உறவினமான கல்லோசியூரஸ் கேனிசெப்ஸ் அணிலுக்கு வயிறு சாம்பல் நிறம். அந்தக் கோடுகள் இல்லை. முதுகு மட்டும் தெரியும் படத்தில் இந்த அடையாளங்கள் எவையும் அகப்படுவதில்லை. ஆகவே விலா தெரிய ஒரு படம், முடிந்தால் வயிறு தெரிய ஒரு படம் என்று எடுத்து ஒரே பதிவில் சேர்ப்பது பெரிதும் பயன்படும்.

இனி மனிதர்களின் வேலை. நாள், இடம், படம் அல்லது ஒலி இருக்க வேண்டும். உயிரி காட்டியல்பில் வாழ்வதாக இருக்க வேண்டும். பெயரிட்டவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் ஒரே இனத்தை ஒப்ப வேண்டும். அப்போதுதான் பதிவு ஆய்வுத் தரம் பெறும். நட்டு வளர்த்த செம்பனை மரத்தின் படம் இத்தரத்தை எட்டாது. அதன் மட்டையடிகளில் தானாக முளைத்த பெரணி எட்டும். ஆய்வுத் தரம் பெற்ற பதிவுகள், பயனர் தந்த உரிமம் இடங்கொடுத்தால், 2001-இல் நிறுவப்பட்டுக் கோப்பன்ஹேகனில் செயலகம் கொண்ட உலகப் பல்லுயிர்த் தகவல் மையத்தைச் சென்றடைகின்றன. அங்கிருந்து எந்நாட்டு ஆய்வாளரும் அவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இதனால்தான், நண்பர் போட்ட படம் என்பதற்காகப் பாராமலேயே 'ஒப்புகிறேன்' என்று அழுத்துவது எனக்குக் கவலையளிக்கிறது. இயந்திரத்தின் ஊகத்தைப் படமெடுத்தவர் ஏற்க, இன்னொருவர் வழிமொழிந்தால், பிழையான பெயர் ஆய்வுத் தரவில் புகுந்துவிடும். அடுத்த பயிற்சியிலும் அது கலக்கக்கூடும். ஐயமிருந்தால் இனப்பெயரை விட்டுவிட்டு 'அணில் குடும்பம்' என்ற அளவில் நிறுத்துவதே நேர்மையான அடையாளம்.

எறும்புத்தின்னி போன்ற அருகிவரும் விலங்குகளுக்கு மட்டும் இடத்தைத் தளமே மறைத்துவிடுகிறது. வரைபடத்தில் அதன் புள்ளி, பாகைக்கணக்கில் 0.2-க்கு 0.2 அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கேனும் வைக்கப்படும். நம் நாட்டில் அக்கட்டத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டாதிருக்க இந்த ஏற்பாடு அவசியம்.

ஒலிக்கும் தனித் தளம் உண்டு. 2005-இல் தொடங்கிய செனோ-காண்டோவில் பறவைகளின் குரல்களோடு தவளை, வெட்டுக்கிளி ஒலிகளையும் கேட்கலாம். நாம் பதிந்ததையும் ஏற்றலாம்.

இயற்கை ஆர்வலர்கள் கூடும் பூங்காக்களிலும் மலைவாசத் தலங்களிலும்தான் பதிவுகள் குவிகின்றன. தோட்டப்புறத்தில் புள்ளிகள் குறைவாக இருப்பதைக் கொண்டு அங்கு உயிரினம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அங்கு பார்த்துப் பதிந்தவர்கள் குறைவு என்பதும் அதற்குக் காரணமாகலாம். செம்பனை இலைகளைத் தின்னும் பைப்புழுக்களைத் தாக்கும் குளவிகள் தேனுண்ணட்டும் என்று தோட்டச் சாலையோரங்களில் டர்னேரா செடிகளை நட்டிருக்கிறார்கள். அவற்றின் பூக்களுக்கு வரும் சிறு குளவிகளை நெருங்கிப் படமெடுத்து, குடும்பப் பெயரளவில் பதிந்தாலும் போதும். இனம் பிரித்தறியும் வல்லுநர் பல மாதங்கள் கழித்தும் அதைத் தேடியெடுத்துச் சரியான பெயரிட முடியும்.