போர்க் கவிதை எண்டா வீரம் மட்டும்தான் எண்டு ஆர் சொன்னது?

போன கிழமையும் ஒரு பிள்ளை அழுதுகொண்டு கொப்பியோட வந்தவ, தரம் 10. கவிதைப் போட்டிக்கு அம்மம்மான்ர கூறைச்சீலையைப் பற்றி எழுதியிருந்தா. 2009 கடைசிச் சண்டையில மண்மூடைக்குச் சாக்கு கிடைக்காம, பெட்டியில கிடந்த கூறையை வெட்டித் தைச்சு பங்கர் வாசல்ல அடுக்கினவையாம். "தாலி கட்டின சீலைக்குள்ள மண்" எண்டு கடைசி வரி. நடுவர் சிவப்புப் பேனையால "வீரச்சுவை இல்லை" எண்டு எழுதிப்போட்டார். கிளிநொச்சிப் பக்கம் 18 வருசமாத் தமிழ் படிப்பிக்கிறன், இது எத்தினையாவது தரம் எண்டு எண்ணுறதையே விட்டிட்டன்.

கேட்டா உடன புறநானூற்றுத் தாயைக் காட்டுவினம். சரி, 279ஆம் பாட்டையே எடுங்கோ, ஒக்கூர் மாசாத்தியார் பாடினது. முந்தின சண்டையில பிறந்த வீட்டு ஆள் யானையை எறிஞ்சு செத்தாச்சு, நேற்றையான் சண்டையில புருசன் மாட்டு நிரையை மறிச்சுச் செத்தாச்சு, இண்டைக்கும் பறை கேக்குது, அவ இருக்கிற ஒரே மகனுக்கு வெள்ளை உடுத்தி பறட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி வேலைக் கையில குடுத்துப் போ எண்டுறா. "கெடுக சிந்தை", இவவின்ர மனசு அழியட்டும் எண்டுதான் பாட்டே தொடங்குது. அது புகழ்ச்சி எண்டு உரை சொல்லும், நானும் அப்பிடித்தான் படிச்சனான். ஆனா நடுவில "விருப்புற்று மயங்கி" எண்டு கிடக்கே, அந்த மயக்கத்தை ஏன் எல்லாரும் தாண்டிப் போறியள்? "ஒருமகன் அல்லது இல்லோள்" எண்டு புலவர் கணக்கும் சொல்லுறா, அந்த ஒருத்தனைத்தான் தாய் அனுப்புறா. புகழுற பாட்டுத்தான், ஆனா அந்த எண்ணெய்க் கையைப் பாத்தா எனக்கு இண்டைக்கும் நெஞ்சு பதறும்.

புலவர் கோவூர் கிழார் இன்னும் நேராக் கேட்டவர், அதே புறநானூற்றில 45ஆம் பாட்டு. உறையூருக்கு உள்ள நெடுங்கிள்ளி, வெளியில நலங்கிள்ளி, ரெண்டு பேரும் சோழர், ரெண்டு பேருக்கும் சோழ அடையாளமான ஆத்திமாலை. ஒருத்தர் தோத்தாலும் தோக்கிறது உங்கட குடிதான், ரெண்டு பேரும் வெல்லுறது இயற்கையில்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுறார். இது போர்க் கவிதை இல்லையோ?

ரீச்சர்மார், சேர்மார், பெற்றோர், தயவுசெய்து கேளுங்கோ. மேடைக்கு எண்டு பிள்ளையளைக் கத்தப் பழக்காதேங்கோ. வீட்டில கேட்டதை எழுதினா "வீரமா மாத்து" எண்டு திருத்தாதேங்கோ. எழுதாத பிள்ளையை எழுதச் சொல்லி நெருக்கவும் வேண்டாம், சில வீடுகளில அந்தப் பெட்டியை இன்னும் ஒருத்தரும் திறக்கேல்ல. எழுத்துப்பிழை இருந்தா மட்டும் திருத்துங்கோ, அதையும் பென்சிலால.